கைகளால் சொன்ன சாட்சி

பிரசங்கம் கேட்பதற்காகவே கடல் தாண்டிய சபை அது. ஜான் லோத்ராப் என்ற ஊழியர், அரசாங்கத் திருச்சபையை மீறி லண்டனில் ரகசியமாகக் கூட்டம் நடத்தியதற்காகச் சிறையில் கிடந்தார். நாட்டைவிட்டுப் போய்விடுவதானால் வெளியே விடுகிறோம் என்றார்கள். 1634இல் அவர் மாசசூசெட்ஸ் கரையில் இறங்கினார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் பல அவருடைய சபையில் சேர்ந்தன. பியூரிட்டன்கள். அவர்களுடைய ஆராதனையில் சொரூபம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. கண்ணுக்கு ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் காதுக்கே கொடுத்தவர்கள். பிரசங்கம் மணிக்கணக்கில் போகும். சபையின் முழு அங்கத்தினராக விரும்புகிறவர், தேவன் தன்னைத் தொட்ட விதத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். விசுவாசம் காதுவழியே வருகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை இவர்களைப்போல் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அந்தக் குடும்பங்கள் சிலவற்றின் இரத்தத்தில் பிறவிச் செவிடும் சேர்ந்தே கப்பலேறியிருந்தது. அவர்களுக்கே அது தெரியாது. தாயும் தகப்பனும் நன்றாகக் கேட்பவர்களாக இருப்பார்கள். இருவரிடமும் அந்த மரபணு மறைந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சிச்சுவேட்டிலிருந்து பார்ன்ஸ்டபிளுக்கு, பிறகு அங்கிருந்து கடலுக்குள் இருக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு என்று இந்தக் குடும்பங்கள் நகர்ந்தன. 1694 வாக்கில் ஜோனத்தன் லாம்பர்ட் என்ற தச்சர் அந்தத் தீவில் குடியேறினார். அவருக்குக் காது கேட்காது. அவருடைய ஏழு பிள்ளைகளில் இரண்டு பேருக்கும் கேட்காது. 1714இல் தீவுக்கு வந்த நீதிபதி சாமுவேல் சூவல் தன் நாட்குறிப்பில் அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: கூட வந்த ஆங்கிலேயர் ஒருவர் வாயே திறக்காததால் முதலில் மனத்தாங்கல் உண்டானதாம், பிறகுதான் அவர் காது கேளாதவர் என்று தெரிந்ததாம்.

முதலில் மனத்தாங்கல், அப்புறம் இரக்கம். இந்த இரண்டையும் என் அம்மா வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள். என் அம்மாவும் அப்பாவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார், அம்மா தையல். இருவரும் பாளையங்கோட்டையில் படித்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரி அம்மாள் தொடங்கிய பள்ளி அங்கே இருப்பதால், எங்கள் பக்கத்தில் கையால் பேசுகிறவர்களைப் பார்ப்பது புதிதல்ல. நான் வாயால் பேசுவதற்கு முன்னே கையால் பேசினேன் என்று ஆச்சி சொல்லுவாள். இப்போது ஞாயிறு ஆராதனையில் ஐயர் செய்யும் பிரசங்கத்தைக் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்லுவது என் ஊழியம். ரோமர் நிருபத்தின் அந்த வசனம் வாசிக்கப்படும்போது, காதைத் தொட்டுக் காட்டி, விசுவாசம் இங்கேயிருந்து வருகிறது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். அந்தத் தீவின் கதையை நான் விடாமல் படிப்பதற்குக் காரணம் இதுதான்.

தீவின் மேற்கே சில்மார்க் என்றொரு ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுக்க எடுத்துப் பார்த்தால் சுமார் 5,700 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். அந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க்கில் 25 பேருக்கு ஒருவர். எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு சித்தப்பாவோ மருமகளோ பக்கத்து நிலத்துக்காரரோ கையால் பேசுகிறவராக இருந்தார். அதனால் ஊரே கையால் பேசியது. பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டதாகவே நினைவில்லாமல் படித்துக்கொண்டார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள் படகுக்குப் படகு, குரல் எட்டாத தூரத்தில், கையால் சேதி சொன்னார்கள். இன்னும் தூரமானால் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காது கேளாதவர் ஒருவருமே பக்கத்தில் இல்லாதபோதும், வாத்தியார் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கையால் பேசினார்கள். கடை வாசலில் பெரியவர்கள், கதையின் சுவாரசியமான இடம் வந்ததும், வாயை மூடிக்கொண்டு கையால் முடித்தார்கள்.

1817இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கிய பிறகு, தீவின் காது கேளாத பிள்ளைகளை அரசுச் செலவில் அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் ஊரில் பலரைவிட அதிகம் படித்தவர்களாக இருந்தார்கள். பத்திரம், செய்தித்தாள் என்று புரியாத தாளை எடுத்துக்கொண்டு கேட்கும் காதுள்ளவர்கள் காது கேளாதவர் வீட்டுக்குப் போய் அர்த்தம் கேட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் என்னை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிக்கை எல்லாவற்றிலும் அச்சுப்பிழையைக் கண்டுபிடித்து வட்டம் போட்டவர் அவர். அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஜெபக்கூட்டம் பற்றிய நினைவு ஒன்றை அந்தத் தீவின் முதியவர்களிடமிருந்து நோரா எலன் குரோஸ் என்ற மானுடவியலாளர் பதிவு செய்திருக்கிறார். சாட்சி சொல்லும் நேரம் வரும். காது கேளாத ஒருவர் எழுந்து சபைக்கு முன்னால் போய் நின்று, தேவன் தனக்குச் செய்ததை நீளமாகக் கையால் சொல்லுவார். யாரும் பக்கத்தில் நின்று அதை வாயால் மாற்றிச் சொல்லமாட்டார்கள். தேவையில்லை. அத்தனை பேருக்கும் புரிந்தது. ஏதாவது ஓரிடத்தில் ஒருவருக்குப் பிடிபடாவிட்டால் பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொல்லிக்கொடுத்தார்.

நான் இந்த ஜெபக்கூட்டத்தை எத்தனையோ இரவு மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். என்னைப்போல் நடுவில் நிற்கும் ஆள் ஒருத்தி அங்கே இல்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. எங்கள் கோயிலில் காது கேளாதவருக்குத் தேவனுடைய வார்த்தை என் வழியாகத்தான் போகிறது. அவர்களுடைய சாட்சி என் வழியாகத்தான் சபைக்கு வருகிறது. எனக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பிரசங்கம் இல்லை. அந்த மீனவர் கோயிலில் மத்தியஸ்தர் இல்லை. காதுக்காகவே கட்டப்பட்ட ஒரு மதத்தின் பேரப்பிள்ளைகள், தங்களுடைய வேதத்தையும் விட்டுக்கொடுக்காமல், பவுலின் வசனத்தையும் மறுக்காமல், வார்த்தை போய்ச் சேர இன்னொரு வாசலைத் திறந்துவிட்டார்கள். அதற்காக அவர்கள் ஒரு இறையியல் புத்தகமும் எழுதவில்லை. ஒரு சங்கமும் கூட்டித் தீர்மானம் போடவில்லை.

எழுதியவர்கள் உண்டு, அவர்கள் எழுதியது எங்களுக்குப் பாரமாயிற்று. பிறவிச் செவிடு விசுவாசத்துக்கே தடையாகிறது என்று அகஸ்டின் தன் முதிர்ந்த காலத்தில் ஒரு வாதத்தின் நடுவே எழுதினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளாகக் காது கேளாதவர்களைத் திருச்சபை வாசலுக்கு வெளியே வைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே அகஸ்டின், இளம் விசுவாசியாக இருந்தபோது, ஆன்மாவின் அளவு பற்றி நண்பர் எவோடியஸுடன் உரையாடுவதாக எழுதிய நூலில் வேறொன்றைக் கேட்கிறார். பேச்சே இல்லாமல் சைகையால் மட்டும் மனசைச் சொல்லிக்கொள்ளும் மனிதர்கள் வாழும் இடத்தில் ஒரு பிள்ளை வளர்ந்தால், அதுவும் அப்படித்தானே பேசும்? அதனால் என்ன குறைந்துவிட்டது, பேச்சும் சைகையும் இரண்டும் ஆன்மாவுக்கு உரியவைதானே என்பது அவருடைய வாதம். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு அப்புறம் அட்லாண்டிக்கில் இருக்கப்போகும் ஊரை அவர் மனத்தால் கட்டிப் பார்த்திருக்கிறார். பின்னால் எழுதியதைவிட இதுதான் ஆழமானது என்பது என் துணிபு. செவிடு மனிதனின் உடம்பில் தொடங்குகிறது. அது ஆன்மாவுக்குத் தடையாவது மட்டும் சுற்றியிருப்பவர்களின் கையில் இருக்கிறது.

பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தலில் அம்மாவுக்கு நடந்ததை வைத்தே இதைச் சொல்லுகிறேன். அவள் பிறந்த ஊர்க் கோயிலில் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனையையும் வாயால் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குத்தான் திடப்படுத்தல். அம்மாவின் தங்கைகள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். அம்மாவும் போகிறேன் என்று கையால் கேட்டபோது ஆச்சி போய் உபதேசியாரிடம் நின்றிருக்கிறாள். “அவளுக்கு என்னத்துக்கு அக்கா இதெல்லாம்? ஆண்டவர் ஊமைச்சிகிட்ட கணக்குக் கேக்க மாட்டாரு, நீங்க கலங்காதீங்க” என்று அவர் ஆறுதல் சொன்னாராம். நல்ல மனுஷர்தான். ஆச்சியும் அதைப் பெரிய ஆறுதலாகவே வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குக் கேட்கப்படாதவள் என்றால் எண்ணப்படாதவள் என்றுதான் அர்த்தம் என்பதை அம்மா எனக்கு விளக்கியபோது அவள் கை நடுங்கியது.

வின்யார்ட் தீவாரைப் புனிதர்களாக்க நான் எழுதவில்லை. அந்தத் தீவு வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களுடையது. நோயெபி என்பது அவர்கள் வைத்த பெயர். அவர்களுடைய நிலத்தின்மேல்தான் இந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் வேலி போட்டன. தன் சித்தப்பாவுக்காகக் கை பேசப் படித்தவன் எல்லாரிடமும் அந்த மனசோடு இருந்தான் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் என்னைக் குடைகிறது. இருபத்தைந்துக்கு ஒருவர் என்று இருந்ததால் படித்தார்கள். ஆயிரத்துக்கு ஒருவர் என்றிருந்தால் படித்திருப்பார்களா? அன்பா அது, அல்லது வேறு வழியில்லாத நெருக்கமா? சின்னத் தீவில் மீன்பிடிக்கக் கூட்டாளி வேண்டும், கொண்டு கொடுக்கப் பெண் வேண்டும். காது கேளாதவர்களில் பெரும்பாலோர் கேட்கும் காதுள்ளவர்களையே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

நான் நெடுநாள் யோசித்து வந்து நிற்கிற இடம் இது: நெருக்கத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டக்கூடிய அன்பு எங்கும் இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை விட்டு விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் கெட்டவர்கள் என்று அந்த உவமையில் சொல்லப்படவில்லை; அவர்கள் மறுபக்கமாகப் போனார்கள், அவ்வளவுதான். சில்மார்க்கில் மறுபக்கம் என்று ஒன்று இல்லாமல் இருந்தது. எங்கள் ஊர்களில் அது அகலமாக இருக்கிறது. அதைக் குறுக்குவது சபையின் வேலை என்று நான் ஐயரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இனி பதிவு பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தீவின் காது கேளாதவர்களை முதலில் ஆராய்ச்சிக் கண்ணோடு தேடிப்போனவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். டெலிஃபோன் பெல்தான். அவருடைய தாய் காது கேளாதவர். மனைவி மேபலும் ஐந்து வயதில் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். காது கேளாதவர்கள்மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1880களில் வின்யார்ட் குடும்பங்களின் வம்ச வரலாறுகளைத் தேடித் தொகுத்தார். ஏன் ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது, இன்னொன்றுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. மெண்டல் 1866இலேயே விடையை அச்சிட்டிருந்தார். 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை. காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டே போனால் மனித இனத்தில் செவிட்டு வகையே உருவாகிவிடும் என்று 1883இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முன் அவர் கட்டுரை படித்தார். கல்யாணத்தைச் சட்டத்தால் தடுப்பது நடக்காது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்கள் ஒன்றுகூடும் விடுதிப் பள்ளி, சைகை, காது கேளாத ஆசிரியர் எல்லாம் குறையவேண்டும் என்றார். அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்தான், 1880இல், மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு பள்ளிகளில் சைகையைத் தள்ளிவைத்து வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தார்கள்!

தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிட்டதும், அது தேவனுக்கு ஏற்காமல் போனதும் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. எண்ணுவதில் என்ன பாவம் என்று பைபிள் வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பெல்லின் வம்ச அட்டவணையைப் பற்றிப் படித்த பிறகு என்னிடம் ஒரு பதில் உண்டு. எண்ணப்படுகிறவன் தன்னுடையவன் என்பதை மறந்துவிட்டு எண்ணுவதுதான் அந்தப் பாவம்.

அதே குடும்பங்களை, கிட்டத்தட்ட அதே வம்ச வரலாற்றை, குரோஸ் 1970களின் கடைசியில் மறுபடி எடுத்தார். அவர் தீவின் முதியவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டார். 1985இல் புத்தகம் வந்தது. மூன்று நூற்றாண்டில் குறைந்தது 72 காது கேளாதவர்களை அவர் கண்டெடுத்தார். ஆனால் கேட்கக் கேட்க அவருக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. இன்னார் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்ல மீனவர் என்பார்கள், கோபக்காரர் என்பார்கள், எந்தப் படகு வைத்திருந்தார் என்பார்கள். காது கேளாதவர் என்பது தூண்டிக் கேட்டால்தான் ஞாபகம் வரும். ஊனமுற்றவர்கள் என்ற சொல்லையே ஒரு மூதாட்டி மறுத்துவிட்டார். அவர்களுக்குக் காது கேட்காது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அவருடைய நிலை. ஆராய்ச்சிக்காரருக்கு இது சங்கடம். எனக்கு இதுவே சுவிசேஷம்.

அந்தப் புத்தகத்தில் தீராத துக்கம் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் ஹார்ட்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார்கள். அங்கே வேறு ஊர்க்காரரைக் கல்யாணம் செய்தார்கள். தீவுக்கு வெளியாட்கள் வந்தார்கள். மறைந்திருந்த மரபணு கலைந்துபோயிற்று. பரம்பரைச் செவிடு உள்ள கடைசி ஆள் 1952இல் இறந்தார். குரோஸ் போகும்போது, கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. நமக்குக் கிடைப்பது முழுக்கவும் கேட்கும் காதுள்ளவர்களின் ஞாபகம். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றவர் என்ன சாட்சி சொன்னார்? எந்தப் பாவத்துக்காக அழுதார், எந்தப் புயலிலிருந்து தப்பியதற்காக நன்றி சொன்னார்? அந்தக் கை என்ன சொன்னது என்பது இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்தைப் படித்துவிட்டுத் தீவுக்குப் போன நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், தொண்ணூறு வயது தாண்டிய ஒரு மூதாட்டியைப் பார்த்தார். காது கேட்கும் மூதாட்டிதான். ஆனால் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கை பின்னல் பின்னுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது; கையால் யோசிக்கிறார் என்றார் மகள். தூக்கத்திலும் போர்வைமேல் கை பேசியதாம்.

இதைப் படித்ததிலிருந்துதான் நான் எங்கள் பெரியவர்களை வீடியோவில் எடுக்கத் தொடங்கினேன். அப்பா போய்விட்டார், அவருடைய சாட்சி ஒன்றுகூட என்னிடம் இல்லை. மற்றவர்களை எடுக்கிறேன். ஒரு விதி வைத்திருக்கிறேன்: படத்தின்மேல் என் குரலை ஏற்றுவதில்லை. எப்படிச் செவிடு வந்தது, எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள் என்று தொடங்குவதும் இல்லை. எந்த அச்சகத்தில் வேலை, யாரோடு சண்டை, அசனத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்கிறேன். தையற்காரி ஒருத்தி தன் முதல் மெஷினைப் பற்றியே நேரமெல்லாம் சொன்னாள். உனக்குப் பிறந்த பிள்ளை அழுதது கேட்காதே, இரவில் என்ன செய்தாய் என்று என் வாயில் வந்த கேள்வியை, அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் சொல்லவில்லை. மெஷின் கதையே அவள் சாட்சி.

ஏசாயா முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் செவிடர் செவிகள் திறக்கப்படும் என்ற வாக்குத்தத்தம் வருகிறது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தவறாமல் அதை எடுப்பார்கள். அதைப் படிக்கும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். பரலோகத்தில் எனக்குக் கேட்க வைப்பது ஆண்டவருக்குப் பெரிய காரியமில்லை, ஆனால் உங்கப்பா அங்கே என்னோடு கையால்தான் பேசுவார், அதை ஏன் ஆண்டவர் எடுத்துப்போட வேண்டும் என்றாள். எனக்கு உடனே தோமா ஞாபகம் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவின் சரீரத்தில் ஆணிக்காயம் அப்படியே இருந்தது. அதைக் காட்டித்தான் தன்னை அடையாளம் சொன்னார். உலகின் பல சைகை மொழிகளில் இயேசு என்பதற்கு நடுவிரலால் உள்ளங்கைகளைத் தொட்டுக் காட்டுகிறோம், ஆணி இறங்கிய இடத்தை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் காது கேளாத ஒருவனைக் கொண்டுவந்தபோதும், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவனைத் தனியே அழைத்துப்போய், காதில் விரல் வைத்து, நாவைத் தொட்டு, அவனுக்குப் புரிகிற விதத்தில்தான் தொடங்கினார். அவன் மொழிக்கு அவர் முதலில் போனார். சுகமானது அதற்குப் பிறகு. அம்மா கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஐயரிடமும் இல்லை. வாக்குத்தத்தத்தை அழிக்கவும் எனக்கு மனமில்லை, அம்மாவின் கேள்வியைத் தள்ளவும் மனமில்லை.

இந்த ஆண்டு திடப்படுத்தல் வகுப்பில் காது கேளாத பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். விசுவாசப் பிரமாணத்தை அவள் கையால் ஒப்பிப்பாள், அவளோடு சேர்ந்து மற்றப் பிள்ளைகளும் கையால் ஒப்பிக்கட்டும் என்று கேட்டேன். ஐயர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் வகுப்பு நடக்கிறது. என்னைவிட அவளே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆண்டவர் பாதாளத்துக்கு இறங்கினதை எப்படிக் காட்டுவது என்பதில் மட்டும் எனக்கும் அவளுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவள் கையைக் கீழே கொண்டுபோய், அங்கே யாரையோ பிடித்து மேலே இழுப்பதுபோல் காட்டுகிறாள். இறங்கினதோடு அந்த வரி முடிகிறது, இழுப்பது அதில் இல்லை என்று நான் சொல்லுகிறேன். இருக்கிறது என்கிறாள்.